'டிக் டிக்' என்று எண்ணும் கருவி: கதிர்வீச்சு மானி எப்படி வேலை செய்கிறது?

மீள்குடியேறிய நாட்களில் எங்கள் ஊரில் பொழுது விடிவதே மிதிவெடி அகற்றுபவர்களின் கருவி எழுப்பும் 'பீப்' சத்தத்தோடுதான். அது மண்ணுக்குள் உலோகத்தைத் தேடும் கருவி. அண்மையில் ஆய்வுகூடம் ஒன்றில் வேறொரு கைக்கருவியைப் பிடித்துப் பார்த்தேன். அது கதிர்வீச்சை எண்ணும் மானி. மேசையில் எதுவும் இல்லை. ஆனாலும் இடைக்கிடை 'டிக்' என்றது.

"பழுதாப் போச்சோ?" என்று கேட்டேன்.

"இல்லைத் தம்பி, நல்லா வேலை செய்யுது" என்றார் அங்கிருந்த ஆசிரியர்.

மண், கல், சுவர், விண்வெளி எல்லாவற்றிலிருந்தும் சிறிதளவு கதிர்வீச்சு எப்போதும் வந்துகொண்டே இருக்கிறது. கருவி அதைத்தான் எண்ணியது.

இதன் உயிர் ஒரு சிறிய குழாய். கைகர், முல்லர் என்ற இரு ஜேர்மன் பௌதிகவியலாளர்கள் 1928 இல் உருவாக்கியது. உள்ளே நியோன் போன்ற வாயு குறைந்த அமுக்கத்தில் அடைக்கப்பட்டிருக்கும்; நடுவே மெல்லிய கம்பி. கம்பிக்குச் சில நூறு வோல்ற் மின்னழுத்தம் கொடுக்கப்படும். உள்ளே புகும் கதிர் ஒரு வாயு அணுவிலிருந்து இலத்திரனைத் தள்ளிவிட்டால், அது கம்பியை நோக்கிப் பாயும் வழியில் மற்ற அணுக்களை மோதி மேலும் பல இலத்திரன்களை விடுவிக்கும். கண்மூடித் திறப்பதற்குள் அது ஒரு மின்துடிப்பாகும். அந்தத் துடிப்புத்தான் 'டிக்'.

துடிப்புகளை எண்ணி, மணிக்கு இத்தனை மைக்ரோசீவேட் என்று திரை காட்டும். பல இடங்களில் 0.1 முதல் 0.2 வரை சாதாரணம். துடிப்புகள் ஒழுங்கற்று வருவதால் ஒரு கணம் பார்த்து முடிவெடுக்கக்கூடாது. ஓரிரு நிமிடம் பொறுத்துப் பார்க்கவேண்டும். அல்பா கதிரைக் கடதாசி கூடத் தடுத்துவிடும். மெல்லிய ஜன்னல் இல்லாத குழாய்க்கு அது தெரியாது. மிகக் கடுமையான கதிர்வீச்சில் சில குழாய்கள் திணறி, பூச்சியத்தைக்கூடக் காட்டலாம். ஆகவே மானியைத் தூரத்திலேயே இயக்கிவிட்டுத்தான் நெருங்கவேண்டும்.

பிரேசிலின் கொயானியா நகரில், கைவிடப்பட்ட சிகிச்சை நிலையம் ஒன்றிலிருந்த புற்றுநோய் இயந்திரத்தின் பாகத்தை 1987 செப்டெம்பரில் இருவர் கழற்றிப் பழைய இரும்புக் கடைக்கு விற்றார்கள். உள்ளே இருந்தது சீசியம்-137. இருளில் நீலமாக ஒளிர்ந்த தூளை உறவினர்கள் ஆசையோடு பகிர்ந்துகொண்டார்கள். இரு வாரங்களுக்குப் பின், பௌதிகவியலாளர் ஒருவர் இரவல் வாங்கிய மானியோடு அங்கே புறப்பட்டார். அது பளிங்கில் தோன்றும் ஒளியைக் கொண்டு கதிரை உணரும் இன்னொரு வகை. இடத்தை அடையுமுன்னரே முள் எல்லைக்குப் போய் நின்றது. பழுது என்று நினைத்துத் திரும்பிப்போய் வேறொன்றை எடுத்துவந்தார். அதுவும் அப்படியே காட்டியது. 1,12,000 பேருக்கு மேல் பரிசோதிக்கப்பட்டார்கள். 249 பேரில் மாசு இருந்தது. நால்வர் சில வாரங்களுக்குள் இறந்தார்கள். இறந்தவர்களில் ஒரு சிறுமியும் இருந்தாள்.

போருக்குப் பின் பழைய இரும்பு பொறுக்கிப் பிழைத்த குடும்பங்கள் வன்னியில் எத்தனை! அங்கே இப்படியொரு பொருள் கிடக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கதிர்வீச்சு மூலங்கள் மருத்துவமனைகளிலும் தொழிற்சாலைகளிலும் பயன்படுகின்றன. அவை இரும்போடு இரும்பாகக் கலந்துவிடக்கூடும். நம் கையில் மானி இருக்காது. கண்தான் இருக்கிறது. மஞ்சள் பின்னணியில் மூன்று இதழ் கொண்ட விசிறிச் சின்னத்தை நினைவில் வைத்திருங்கள். 2007 இல் அறிமுகமான சிவப்பு முக்கோணச் சின்னத்தில் மண்டையோடும் ஓடும் மனிதனும் உண்டு. மண்டையோட்டின் பொருளை மிதிவெடிப் பலகைகளில் நாம் ஏற்கெனவே படித்தவர்கள்.

சின்னம் கண்டாலோ, அளவுக்கு மீறிப் பாரமான ஈயப் பெட்டி கிடைத்தாலோ உடைக்காதீர்கள், வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். தூரம் இரண்டு மடங்கானால் கதிர்வீச்சு ஏறத்தாழ நாலில் ஒன்றாகக் குறையும். பிள்ளைகளை விலக்கிவிட்டுப் பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள்.