வாடிக்கையாளர் முதலிடம் என்ற கொள்கையும் அமேசான் மீதான அறக் குற்றச்சாட்டுகளின் வளர்ச்சியும்

அமேசான் நிறுவனத்தின் மீது கடந்த முப்பது ஆண்டுகளில் எழுந்த அறநெறிக் குற்றச்சாட்டுகள் மேலோட்டமான பார்வைக்குச் சிதறிக் கிடப்பவை. ஒன்று காப்புரிமம் பற்றியது. மற்றொன்று, வாசகருக்குத் தெரியாமல் அவரது கருவியிலிருந்து அழிக்கப்பட்ட மின்னூலைப் பற்றியது. வேறொன்று, கிடங்குத் தொழிலாளி எத்தனை நொடி சும்மா நின்றார் என்று கணக்கெடுப்பதைப் பற்றியது. காலவரிசையில் வைத்துப் பார்க்கும்போது இவையெல்லாம் ஒரே போக்கின் கட்டங்களாகத் தெரிகின்றன. கடையாகத் தொடங்கிய நிறுவனம், பிறர் கடை விரிக்கும் சந்தையின் உரிமையாளராகவும், அச்சந்தையின் விதிகளை வகுப்பவராகவும், அதே சந்தையில் போட்டியிடும் வணிகராகவும் ஒருசேர மாறியது. அம்மாற்றத்துக்கு நியாயமாக அது முன்வைத்த ஒரே அளவுகோல் வாடிக்கையாளரின் வசதி. அமெரிக்கப் போட்டிச் சட்டமும் அக்காலத்தில் ஏறக்குறைய அதே அளவுகோலைக் கையில் வைத்திருந்ததால், வாடிக்கையாளரின் கண்ணில் படாத விற்பனையாளரும் தொழிலாளியும் நெடுங்காலம் சட்டத்தின் கண்ணிலும் படாமல் போயினர் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1994 ஜூலையில் ஜெஃப் பெசோஸ் வாஷிங்டன் மாநிலத்தில் நிறுவனத்தைப் பதிவு செய்தார்; 1995 ஜூலையில் அது இணையத்தில் புத்தகம் விற்கத் தொடங்கியது. தொழிலுக்கான மாநிலத்தைத் தேர்ந்ததிலேயே ஒரு வரிக் கணக்கு இருந்தது. தனக்குக் கடையோ கிடங்கோ இல்லாத மாநிலத்தில் ஒரு வணிகர் விற்பனை வரி வசூலிக்கக் கடமைப்பட்டவர் அல்லர் என்று, தபால் வழி வணிகம் தொடர்பான 1992ஆம் ஆண்டு வழக்கொன்றில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. மக்கள்தொகை குறைந்த மாநிலத்தில் அலுவலகம் அமைத்தால், வரி வசூலிக்க வேண்டிய வாடிக்கையாளரின் எண்ணிக்கையும் குறையும். தெருமுனைப் புத்தகக் கடைக்காரர் வரியோடு சேர்த்துச் சொன்ன விலையை அமேசான் வரியின்றிச் சொல்ல முடிந்ததற்கு இதுவே காரணம். மாநிலங்கள் ஒவ்வொன்றாகச் சட்டமியற்றி இந்த வாயிலை அடைத்தன. விற்பனை வரி உள்ள எல்லா மாநிலங்களிலும் நிறுவனம் தன் சொந்த விற்பனைக்கு வரி வசூலிக்கத் தொடங்கியது 2017இல்தான். உச்ச நீதிமன்றம் தன் பழைய நிலைப்பாட்டைக் கைவிட்ட 2018ஆம் ஆண்டிலோ, அமேசானுக்கு அந்தச் சலுகை தேவையற்றதாகிவிட்டிருந்தது.

அறநெறி சார்ந்த முதல் பெரிய எதிர்ப்பு கிளம்பியது காப்புரிமம் ஒன்றை முன்னிட்டு. கண்டுபிடிப்பாளர் ஒருவருக்கு மட்டும் குறிப்பிட்ட காலம்வரை அக்கண்டுபிடிப்பைப் பயன்படுத்த அரசு அளிக்கும் தனியுரிமையே காப்புரிமம். முகவரியும் கடன் அட்டை விவரமும் ஏற்கெனவே பதிவாகியுள்ள ஒருவர், ஒரே சொடுக்கில் பொருளை வாங்கும் முறைக்கு 1999 செப்டம்பரில் அமேசான் இந்த உரிமையைப் பெற்றது. அடுத்த மாதமே போட்டியாளரான பார்ன்ஸ் அண்ட் நோபிள் மீது வழக்குத் தொடுத்து, பண்டிகைக்கால விற்பனை உச்சத்தில் இருந்த டிசம்பரில் இடைக்காலத் தடையும் வாங்கியது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் நிறுவனர் ரிச்சர்ட் ஸ்டால்மன் அமேசானைப் புறக்கணிக்குமாறு அறைகூவல் விடுத்தார். மேல்முறையீட்டில் 2001இல் தடை நீங்கியது, 2002இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது, புறக்கணிப்பும் விலக்கிக்கொள்ளப்பட்டது. எனினும் அந்த எதிர்ப்பின் சாரம் பின்னர் வந்த எல்லாச் சர்ச்சைகளுக்கும் பொருந்துவதாக இருந்தது: வாடிக்கையாளருக்கு ஒரு படி குறைகிறது என்பது உண்மை, ஆனால் அந்தப் படியைக் குறைக்கும் உரிமை ஒருவருக்கு மட்டுமே உரியதாகும்போது, வசதியே வேலியாகிறது.

2000ஆம் ஆண்டில் இரு நிகழ்வுகள் அடுத்தடுத்து நேர்ந்தன. செப்டம்பரில், ஒரே டிவிடி வெவ்வேறு வாடிக்கையாளருக்கு வெவ்வேறு விலையில் காட்டப்படுவது அம்பலமானது. வெறும் விலைச் சோதனை என்று விளக்கமளித்த நிறுவனம், கூடுதலாகக் கொடுத்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பியளித்தது. நவம்பரில், வெளி வணிகர்கள் அமேசானின் சொந்தப் பொருட்களுக்கு அருகிலேயே தம் பொருட்களை வைத்து விற்கும் சந்தைத் தளம் திறக்கப்பட்டது. செய்தித்தாள்களில் பரபரப்பானது முன்னது. வரலாற்றில் கனமானது பின்னது. பங்குதாரர்களுக்குப் பெசோஸ் எழுதிய கடிதமொன்றின்படி, மொத்தப் பொருள் விற்பனையில் வெளி வணிகர்களின் பங்கு 1999இல் 3 விழுக்காடாக இருந்து 2018இல் 58 விழுக்காடாக உயர்ந்தது. சிறு வணிகர்களுக்குக் கிடைத்த வாய்ப்பின் அளவாக நிறுவனம் இதைக் காட்டுகிறது. அதே எண், அவர்களின் பிழைப்பு ஓர் இடத்தில் குவிந்த அளவையும் காட்டுகிறது.

இந்தக் குவிப்பை அமெரிக்கச் சட்டம் ஏன் தடுக்கவில்லை என்பதற்கு விடை 1970களில் இருக்கிறது. 1890ஆம் ஆண்டின் ஷெர்மன் சட்டம் முதல் வளர்ந்துவந்த ஏகபோகத் தடுப்பு மரபு, பெருநிறுவனத்தின் அளவையும் சிறு வணிகரின் நிலையையும் கருத்தில் கொண்டிருந்தது. சட்ட அறிஞர் ராபர்ட் போர்க் 1978இல் வெளியிட்ட நூலும் சிகாகோ பொருளியல் சிந்தனையும் அதைத் திசைதிருப்பின. நுகர்வோர் நலனே சட்டத்தின் ஒரே நோக்கம் என்ற கருத்து நிலைபெற்று, நடைமுறையில் அது விலை ஏறியதா என்ற ஒற்றைக் கேள்வியாகச் சுருங்கியது. இதன் விளைவைக் குவிட்ஸி நிறுவனத்தின் கதையில் நெருக்கமாகக் காணலாம். டயாப்பர்ஸ் டாட் காம் என்ற தளத்தை நடத்திய அந்நிறுவனம் குழந்தைகளுக்கான அணையாடைகளை இணையத்தில் விற்று வேகமாக வளர்ந்தது. அமேசான் அதே பொருளின் விலையை வெட்டத் தொடங்கியது. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் துணைக்குழு பின்னர் திரட்டிய உள் ஆவணங்களின்படி, ஒரே மாதத்தில் 20 கோடி டாலருக்கும் மேற்பட்ட நட்டத்தைத் தாங்க அது தயாராக இருந்தது. முதலீடு வறண்டுபோன குவிட்ஸி 2010இல் அமேசானிடமே ஏறத்தாழ 54.5 கோடி டாலருக்கு விலைபோனது. பரிசீலித்த கூட்டாட்சி வணிக ஆணையம் இணைப்பைத் தடுக்கவில்லை. விலை இறங்கும்போது தீங்கைக் காணும் கண் அன்றைய சட்டத்துக்கு இல்லை. 2017இல் அந்தத் தளம் மூடப்பட்டது.

வாடிக்கையாளரின் வசதியைப் பேசிய கொள்கை, வாடிக்கையாளரின் உரிமையைப் பேசியதில்லை என்பதை 2009 ஜூலை நிகழ்வு உணர்த்தியது. ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’, ‘விலங்குப் பண்ணை’ ஆகியவற்றின் மின்பதிப்புகளை, உரிமையற்ற ஒருவர் பதிவேற்றியிருந்தார் என்ற காரணத்தால், விலை கொடுத்து வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து நிறுவனம் தொலைவிலிருந்தே நீக்கியது. பணம் திருப்பித் தரப்பட்டது. பெசோஸ் மன்னிப்பும் கேட்டார். ஆயினும், பள்ளி மாணவர் ஒருவர் பாடத்துக்காக நூலின் ஓரத்தில் எழுதிய குறிப்புகள் நூலோடு சேர்ந்து பயனற்றுப் போயின. அச்சு நூலை விற்ற கடைக்காரர் வீடு புகுந்து அதை எடுத்துச் செல்ல முடியாது. மின்னூலை விற்பவரால் முடியும், ஏனெனில் விற்கப்பட்டது நூலன்று, படிக்கும் அனுமதி மட்டுமே.

ஆனால் அறக் கேள்விகளின் மையம் கடையின் பின்புறத்தில், கிடங்குகளில் இருந்தது. 2011 செப்டம்பரில் பென்சில்வேனியாவின் ‘மார்னிங் கால்’ நாளிதழ், பிரைனிக்ஸ்வில் கிடங்கில் வெப்பம் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய நாட்களில் மயங்கி விழும் தொழிலாளரைத் தூக்கிச் செல்ல வாசலில் ஆம்புலன்ஸ்கள் நிறுத்திவைக்கப்பட்டிருந்ததை வெளிக்கொணர்ந்தது. அதன் பின்னரே நிறுவனம் 5.2 கோடி டாலர் செலவில் கிடங்குகளில் குளிர்சாதன வசதி செய்தது. செய்ய இயலாத காரியமாக அது ஒருபோதும் இருந்ததில்லை என்பதை அந்தச் செலவே காட்டிவிடுகிறது. இத்தகைய கிடங்குகளில் பலர் ஆள் வழங்கும் ஒப்பந்த நிறுவனங்களின் பெயரில் வேலை பார்த்தனர். அத்தகைய நிறுவனம் ஒன்றின் மீது நெவாடா தொழிலாளர் தொடுத்த வழக்கு, உழைப்பு நேரம் எது என்ற அடிப்படைக் கேள்வியை எழுப்பியது. வேலை முடிந்து வெளியேறும்போது, திருட்டைத் தடுப்பதற்கான உடல் சோதனை வரிசையில் நாள்தோறும் ஏறத்தாழ 25 நிமிடம் காத்திருக்க வேண்டியிருந்ததாகவும், அதற்குக் கூலி வேண்டும் என்றும் அவர்கள் கேட்டனர். அந்தச் சோதனை அவர்கள் அமர்த்தப்பட்ட வேலையின் பிரிக்க முடியாத பகுதி அல்ல என்று கூறி, 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகக் கோரிக்கையை நிராகரித்தது. வரிசையில் நில்லாமல் வீடு செல்ல உரிமையற்றவர், நின்றதற்குக் கூலி பெறவும் உரிமையற்றவரானார்.

வேகத்தைக் கட்டுப்படுத்திய கருவி, தொழிலாளியின் கையில் இருந்த ஸ்கேனர். பொருளின் பட்டைக் குறியீட்டைப் படிக்கும் அச்சிறு கருவி, அதைப் பிடித்திருப்பவரின் ஒவ்வொரு நொடியையும் சேர்த்தே பதிந்தது. பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் நிறுவனத்தின் பிரெஞ்சுக் கிடங்குப் பிரிவுக்கு 3.2 கோடி யூரோ அபராதம் விதித்ததாக 2024 ஜனவரியில் அறிவித்தபோது, அப்பதிவுகளின் நுணுக்கம் வெளிப்பட்டது. ஒரு பொருளைப் பதிந்த 1.25 நொடிக்குள் அடுத்ததைப் பதிந்தால் அவசரத்துக்காக ஒரு குறி. கருவி பத்து நிமிடம் அல்லது அதற்கு மேல் ஓய்ந்திருந்தால் ஒரு குறி. ஒரு நிமிடத்துக்கும் பத்து நிமிடத்துக்கும் இடைப்பட்ட சிறு ஓய்வுகளுக்கு இன்னொரு குறி. விரைந்தாலும் குற்றம், நின்றாலும் குற்றம். தரத்துக்கும் பாதுகாப்புக்கும் இவை தேவை என்று வாதிட்ட நிறுவனம் முடிவை ஏற்கவில்லை. அமெரிக்காவில், பெர்னி சாண்டர்ஸ் தலைமையிலான செனட் குழு 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, வேலை வேகத்துக்கும் காயங்களுக்கும் உள்ள தொடர்பை நிறுவனத்தின் உள் ஆய்வுகளே கண்டறிந்திருந்தும் பரிந்துரைகள் செயலாகவில்லை என்று குற்றஞ்சாட்டியது. நிறுவனம் அதையும் மறுத்தது. வேலை இலக்குகளைத் தொழிலாளருக்குத் தெரிவிக்க வேண்டும், கழிப்பறை செல்லும் நேரத்தை அவை பறிக்கக் கூடாது என்று கலிஃபோர்னியா 2021இல் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவுக் கிடங்கில் 2022 ஏப்ரலில் 2,654க்கு 2,131 என்ற வாக்குக் கணக்கில் தொழிற்சங்கம் வென்றதும், அதன் பின் முடிவை ஏற்காமல் நிறுவனம் வழக்காடியதும் இந்தப் பின்னணியில் படிக்கத்தக்கவை.

சட்டத்தின் பார்வையை மாற்றும் முயற்சி ஓர் ஆய்வுக் கட்டுரையில் தொடங்கியது. யேல் பல்கலைக்கழகச் சட்ட மாணவியாக இருந்த லினா கான் 2017 ஜனவரியில் வெளியிட்ட கட்டுரை, போர்க்கின் நூற்பெயரையே எதிரொலிக்கும் தலைப்போடு, குறுகிய கால விலையை மட்டும் அளக்கும் சட்டம் தளங்களின் அதிகாரத்தைக் காணத் தவறுகிறது என்று வாதிட்டது. 2021இல் அவரே கூட்டாட்சி வணிக ஆணையத்தின் தலைவரானார். இதனிடையே, வெளி வணிகர்களின் விற்பனைத் தரவை அமேசான் தன் சொந்தச் சரக்குக்குப் பயன்படுத்துகிறதா என்று 2020 ஜூலையில் நாடாளுமன்றக் குழு கேட்டபோது, அதற்கெதிரான விதி உண்டு என்றும், அது ஒருபோதும் மீறப்படவில்லை என்று உறுதியளிக்க முடியாது என்றும் பெசோஸ் பதிலளித்தார். 2023 செப்டம்பரில் ஆணையமும் 17 மாநிலங்களும் தொடுத்த வழக்கின் உயிர்நாடி விலை பற்றியது. கட்டணம், விளம்பரம், கிடங்குச் சேவை என விற்பனையாளரின் வருவாயில் பாதியளவு அமேசானுக்கே போகிறது. அவர் தன் சொந்த இணையதளத்தில் விலையைக் குறைத்தால், அமேசானில் அவரது பொருள் தேடலில் பின்தள்ளப்படுகிறது. ஆகவே அமேசானின் கட்டணச் சுமையை எல்லா இடத்து விலையிலும் ஏற்ற வேண்டியவராகிறார் என்பது புகார். மெய்ப்பிக்கப்பட்டால், அமேசானில் எதையும் வாங்காதவரும் அமேசானுக்காகக் கூடுதல் விலை கொடுத்திருக்கிறார் என்று பொருள். குறைந்த விலையை வாடிக்கையாளருக்கு முன்னிறுத்துவதே தாங்கள் செய்வது என்பது நிறுவனத்தின் மறுப்பு.

அதே ஆண்டு ஜூனில் ஆணையம் தொடுத்த மற்றொரு வழக்கு, பிரைம் என்ற சந்தா உறுப்பினர் திட்டத்தைப் பற்றியது. ஓரிரு சொடுக்குகளில் சேர்ந்துவிடக்கூடிய அத்திட்டத்திலிருந்து விலக நான்கு பக்கங்கள், ஆறு சொடுக்குகள், பதினைந்து தெரிவுகளைக் கடக்க வேண்டியிருந்ததாகவும், நிறுவனத்துக்குள் அந்த வழிமுறைக்கு ஹோமரின் நெடுங்காப்பியமான ‘இலியட்’ என்ற பெயர் வழங்கியதாகவும் புகார் மனு கூறியது. தவற்றை ஒப்புக்கொள்ளாமலே 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்கு நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. ஒரே சொடுக்குக்குக் காப்புரிமம் வாங்கிய நிறுவனம், படிகளைக் கூட்டுவதன் பயனையும் அறிந்திருந்தது.

இந்தியாவில் 2013 ஜூனில் கால்பதித்தபோது அமேசான் வேறொரு சட்டச் சூழலை எதிர்கொண்டது. பல்பொருள் சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீட்டைக் கட்டுப்படுத்தும் நாடு, வெளிநாட்டு நிறுவனம் தளத்தை மட்டும் நடத்தலாம், தானே சரக்கு வைத்து விற்கக் கூடாது என்று வரையறுத்தது. நாராயண மூர்த்தியின் முதலீட்டு நிறுவனத்தோடு கூட்டாக அமைந்த கிளவுட்டெயில் போன்ற விற்பனையாளர்கள் இந்த இடைவெளியில் எழுந்தனர். தளம் பங்கு வைத்துள்ள நிறுவனம் அதே தளத்தில் விற்கலாகாது என்று 2018 டிசம்பரில் விதி இறுகியதும் பங்கு குறைக்கப்பட்டது. 2022இல் கிளவுட்டெயில் நின்றது. தில்லி வணிகர் சங்கத்தின் புகாரின் பேரில் 2020 ஜனவரியில் இந்தியப் போட்டி ஆணையம் ஆணையிட்ட விசாரணை, அமேசானும் ஃபிளிப்கார்ட்டும் சில விற்பனையாளருக்கு மட்டும் முன்னுரிமை அளித்ததாக 2024இல் முடிவுக்கு வந்தது. அது நீதிமன்றங்களில் எதிர்க்கப்படுகிறது. அதே ஆண்டு ஜூனில், ஹரியானாவின் மானேசர் கிடங்கில், ஆறு லாரிகளின் சரக்கை இறக்கி முடிக்கும்வரை தண்ணீருக்கோ கழிப்பறைக்கோ போவதில்லை என்று தொழிலாளரிடம் உறுதிமொழி வாங்கப்பட்டதாக வந்த செய்தியைத் தொடர்ந்து, தேசிய மனித உரிமை ஆணையம் மத்திய தொழிலாளர் அமைச்சகத்துக்கு அறிவிக்கை அனுப்பியது. அந்தக் கோடையில் வட இந்தியா கடும் வெப்ப அலையில் இருந்தது.

அமெரிக்க ஏகபோக வழக்கின் விசாரணை 2027 பிப்ரவரியில் சியாட்டிலில் தொடங்கும் என்று நாள் குறிக்கப்பட்டுள்ளது. விலை, விற்பனையாளர் கட்டணம், தேடல் வரிசை ஆகியவை அங்கே விவாதிக்கப்படும். கிடங்கின் வேலை வேகம் அந்த மனுவின் வரம்புக்குள் இல்லை. அது மாநிலச் சட்டங்களிடமும், பணியிடப் பாதுகாப்பு அதிகாரிகளிடமும், ஒப்பந்தம் கேட்டுக் காத்திருக்கும் தொழிற்சங்கங்களிடமும் விடப்பட்டுள்ளது.