தசைநாணைத் திரிப்பது யார்?

குதிகாலுக்குச் சற்று மேலே, காலின் பின்புறம் விரல் வைத்து அழுத்தினால் தடித்த கயிறு மாதிரி ஒன்று தட்டுப்படும். கெண்டைக்கால் தசையை எலும்போடு கட்டி வைத்திருக்கும் தசைநாண் அது. உள்ளேயும் அது கயிறுதான்! கொலாஜன் என்ற புரதத்தால் ஆன எண்ணற்ற நுண்ணிழைகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றன. தேங்காய் நாரைத் திரிக்க ஆள் இருக்கிறார்கள். இந்த இழைகளை வரிசைப்படுத்துவது யார்? விடை கிடைக்க அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

1942ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஹால், ஜேக்கஸ், ஷ்மிட் மூவரும் கொலாஜன் இழைகளை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். இழை முழுக்க சீரான இடைவெளியில் குறுக்குக் கோடுகள் தெரிந்தன. அந்த இடைவெளி சுமார் 67 நானோமீட்டர் என்பது இன்றைய கணக்கு. மூலக்கூறுகள் ஏதோ ஒழுங்கில் அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது புரிந்தது.

அந்த மூலக்கூறு எப்படி இருக்கும்? 1954ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் விடை சொன்னார்கள். கங்காரு வாலின் தசைநாணை எக்ஸ் கதிரில் ஆராய்ந்து, மூன்று சங்கிலிகள் சேர்ந்ததே ஒரு மூலக்கூறு என்றார்கள். 1955ல் அந்த மூன்றும் ஒன்றையொன்று முறுக்கிச் செல்வதாகத் திருத்தினார்கள்.

அதே பத்தாண்டில் ஜெரோம் கிராஸ் போன்றவர்கள் இன்னொரு வேடிக்கையைக் காட்டினார்கள். குளிர்ந்த உப்புக் கரைசலில் இருக்கும் கொலாஜனை உடல் சூட்டுக்குக் கொண்டுவந்தால் இழைகள் தாமாகவே உருவாகின்றன, அதே குறுக்குக் கோடுகளோடு! அப்படியானால் செல்லின் வேலை மூலக்கூறைச் செய்து வெளியே தள்ளுவது மட்டும்தானா?

இங்கேதான் ஒரு சிக்கல். கண்ணாடிக் குழாயில் உருவான இழைகள் சிக்கலான நூல்கண்டு போல எல்லாத் திசையிலும் கிடந்தன. தசைநாணிலோ ஒரே திசை.

விடையைக் கோழிக் கரு தந்தது. வளரும் தசைநாணில் செல்லின் மேற்பரப்பு மடிந்து குறுகிய கால்வாய்களை உண்டாக்குவதையும், இழைகள் அவற்றில் உருவாவதையும் 1986ல் பர்க், டிரெல்ஸ்டாட் இருவரும் விவரித்தார்கள். முதலில் வருவது குட்டைத் துண்டுகள், பிறகுதான் அவை இணைந்து நீள்கின்றன என்பது 1989ல் தெரிந்தது. 2004ல் மான்செஸ்டரில் காட்லர் குழுவினர், செல்லிலிருந்து விரல் போல நீளும் அமைப்புகளைக் கண்டு ஃபைப்ரிபாசிட்டர் என்று பெயரிட்டார்கள். அவை தசைநாணின் நீளவாக்கிலேயே நிற்கின்றன. இழையாகச் சேர்வது மூலக்கூறின் குணம், திசை காட்டுவது செல்.

ஆனால் பிறந்த பிறகு வளரும் தசைநாணில் அந்த விரல்கள் காணப்படுவதில்லை. ஏற்கெனவே போட்ட வரிசையில்தான் இழைகள் நீண்டு தடிக்கின்றன. 2013ல் டென்மார்க் ஆய்வாளர்கள், அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் விட்ட கார்பன்-14ஐ வைத்துக் கணக்கிட்டார்கள். குதிகால் தசைநாணின் மையப்பகுதி சுமார் 17 வயதுக்குள் உருவாகி, அதன்பின் அநேகமாகப் புதுப்பிக்கப்படுவதே இல்லை!

அறுந்த தசைநாண் ஒட்டினாலும் பழைய வலிமை முழுதாகத் திரும்பாததற்கு இதுவும் ஒரு காரணம். இழை மறுபடி உருவாகிவிடும். கருவில் கிடைத்த வரிசைதான் அப்படியே திரும்பக் கிடைப்பதில்லை.