போன கேஸ் எங்க போனது?

கல்முனையோ, சாய்ந்தமருதோ, மருதமுனையோ, பிரிட்ஜ் குளிரவில்லை என்றால் எங்கட வீடுகளில் வரும் தீர்ப்பு ஒன்றுதான்: "கேஸ் போயிட்டு." திருத்துறவர் வருவார், கேஸ் அடிப்பார், உம்மா ஐஸ் தண்ணி கரைப்பா. கதை முடிஞ்சிது. போன கேஸ் எங்க போனது என்று நாங்கள் யாரும் கேட்பதில்லை.

1920களில் அமெரிக்க வீடுகளில் பிரிட்ஜுக்குள் ஓடியவை அமோனியா, சல்பர் டையொக்சைட், மெத்தில் குளோரைட். கசிந்தால் ஆபத்து, ஆட்கள் செத்தும் இருக்கிறார்கள். 1928இல் தொமஸ் மிட்ஜ்லி குழுவினர் குளோரினும் புளோரினும் சேர்ந்த ஒரு வாயுவைக் கண்டெடுத்தார்கள். அதுதான் பிரியோன் 12. எரியாது, நஞ்சில்லை, மணமில்லை. 1930இல் மிட்ஜ்லி அதை மூச்சில் இழுத்து, ஊதி மெழுகுதிரியை அணைத்தே காட்டினார்.

எதோடும் சேராத அந்தக் குணம்தான் பிறகு வினையானது. கீழே அழியாததால் மேலே ஓசோன் படலம் வரை போனது. அங்கே சூரிய ஒளியில் உடைந்து, குளோரின் ஓசோனைத் தின்றது. 1974இல் மொலினாவும் ரோலண்டும் எச்சரித்தார்கள். 1985இல் அந்தாட்டிக்காவுக்கு மேல் ஓட்டை தெரியவந்தது. 1987இல் மொன்றியல் ஒப்பந்தம். இலங்கை 1989இல் அதில் சேர்ந்தது. 2010உடன் வளரும் நாடுகளிலும் அந்த வாயுவுக்குத் தடை வந்தது.

பதிலுக்கு வந்தது 134ஏ. இதில் குளோரின் இல்லை, ஓசோன் தப்பியது. ஆனால் நூறு வருடக் கணக்கில் இது காபனீரொட்சைட்டைப் போல 1,430 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கிறது. வெறும் 100 கிராம் கசிந்தால் 143 கிலோ காபனீரொட்சைட் விட்டதற்குச் சமன். இதைக் குறைக்கத்தான் 2016இல் கிகாலித் திருத்தம் வந்தது. இலங்கை 2018இல் அதை ஏற்றுக்கொண்டது. இப்போது புதுப் பிரிட்ஜுகளில் வருவது 600ஏ. புளோரின் இல்லை, சூடாக்குவதும் மிகக் குறைவு. ஆனால் எரியும்! நூறு வருடம் சுற்றி, பயந்து விட்ட இடத்துக்கே வந்திருக்கிறோம்.

ஒப்பந்தங்கள் கொழும்போடு நிற்கட்டும். எங்கட குசினியில் செய்ய ஒன்று இருக்கிறது. பிரிட்ஜ் கேஸ் பெற்றோல் மாதிரிச் செலவாகிற சாமான் இல்லை. மூடிய குழாய்க்குள் ஆவியாகி, திரவமாகி, அதே கேஸ்தான் சுற்றுகிறது. குறைந்தால் எங்கோ ஓட்டை. அதை அடைக்காமல் கேஸ் அடித்தால் காசும் போகும், கேஸும் வானத்துக்குப் போகும். வெயிலும் கடலும் ஏறினால் முதலில் படப்போவது இந்தக் கரைதான்.

அடுத்த முறை திருத்துறவர் வந்தால், "எவ்வளவு?" என்று கேட்க முதல், "ஓட்டை எங்க?" என்று கேட்போம்.