உறுப்பினர் இல்லாத மன்றமும் மூடிய சொத்துப் பட்டியலும்: புதுச்சேரிக் கொம்யூன்களை முன்வைத்து

தவளக்குப்பத்துக்கு மேற்கே இருக்கும் அபிஷேகப்பாக்கம், அரியாங்குப்பம் கொம்யூனைச் சேர்ந்த ஊர். வீட்டு வரி, தெருவிளக்கு, கடை உரிமம், உட்சாலைக்கான டெண்டர் என்று ஊரின் அன்றாடக் காரியங்கள் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் முடிவாகின்றன. இவ்வூர் வாக்காளர் தம் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினருக்கு எவ்வளவு நிலம், எவ்வளவு நகை, எவ்வளவு கடன் என்பதைத் தேர்தல் ஆணைய இணையதளத்தில் படித்துக்கொள்ளலாம். கொம்யூனை நடத்தும் அதிகாரிக்கு அதே கொம்யூனுக்குள் மனை இருக்கிறதா என்பதை அந்த வாக்காளரால் அறிய முடியாது. இந்த வேறுபாட்டுக்குச் சட்டத்தில் ஒரு காரணம் சொல்லப்படுகிறது. அந்தக் காரணம் புதுச்சேரியின் இன்றைய நிலைக்குப் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பிரெஞ்சு ஆட்சி 1880இல் இங்கே கொம்யூன்களை அமைத்துத் தேர்தல் வழியான மன்றங்களை ஏற்படுத்தியது. இந்தியாவின் பல ஊர்களுக்கு அத்தகைய மன்றம் கிடைக்கும் முன்பே புதுச்சேரி கிராமத்தார் அதற்கு வாக்களித்தார்கள். அந்த மரபின் தொடர்ச்சி அறுந்த விதம் வேதனைக்குரியது. 1968க்குப் பிறகு 38 ஆண்டுகள் உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. 1973ஆம் ஆண்டின் கிராம, கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டமும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் என்பதைக் கட்டாயமாக்கிய 73ஆவது அரசியலமைப்புத் திருத்தமும் நடைமுறையில் இருந்தும், 2006இல்தான் மக்கள் மீண்டும் வாக்களித்தனர். அம்மன்றங்களின் காலம் 2011இல் முடிந்தது. 2021இல் அறிவிக்கப்பட்ட தேர்தல் இடஒதுக்கீட்டு வழக்குகளில் சிக்கி நின்றுபோனது. அரியாங்குப்பம், வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு ஆகிய கொம்யூன்களிலும் காரைக்கால் பகுதியின் ஐந்து கொம்யூன்களிலும் மன்றம் கூடித் தீர்மானிக்க வேண்டியவற்றைப் பத்தாண்டுக்கும் மேலாக அரசு அமர்த்திய அதிகாரிகளே தீர்மானித்து வந்திருக்கிறார்கள்.

இந்த அதிகாரிகளைக் கட்டுப்படுத்தும் நடத்தை விதிகள் இல்லாமல் இல்லை. புதுச்சேரி ஒன்றியப் பகுதி என்பதால் அதன் அரசு ஊழியர்களுக்கு 1964ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணி நடத்தை விதிகளே பொருந்துகின்றன. பணியில் சேரும்போது ஒவ்வொருவரும் சொத்து, கடன் விவரம் தர வேண்டும். ‘ஏ’, ‘பி’ பிரிவு அலுவலர்கள் ஆண்டுதோறும் ஜனவரி 31க்குள் அசையாச் சொத்துப் பட்டியல் அளிக்க வேண்டும். நிலம் வாங்கினாலும் விற்றாலும் அரசுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். எதிர்த்தரப்பு தம் அலுவலோடு தொடர்புள்ளவர் என்றால் முன் அனுமதியே பெற வேண்டும். இரண்டு மாத அடிப்படைச் சம்பளத்தைத் தாண்டும் அசையும் சொத்துப் பரிமாற்றத்தை ஒரு மாதத்துக்குள் சொல்லியாக வேண்டும். பட்டியலில் தம் பெயர், குடும்பத்தார் பெயர், பிறர் பெயர் எதில் இருந்தாலும் காட்ட வேண்டும் என்கிறது படிவம். எழுதியவர்கள் மனித இயல்பை நன்றாக அறிந்தே எழுதியிருக்கிறார்கள்.

இத்தனை கவனத்தோடு வாங்கப்படும் பட்டியல் பிறகு அலுவலகக் கோப்புக்குள் போய்விடுகிறது. முறையான குற்றச்சாட்டு எழுந்தால்தான் அது வெளியே வரும். ஐ.ஏ.எஸ். அதிகாரிகளின் அசையாச் சொத்துப் பட்டியல் 2011 முதல் பொதுவெளியில் வைக்கப்படுகிறது. கிராமத்தான் நேரில் சந்திக்கும் அலுவலருக்கு அந்த ஏற்பாடு இல்லை. மனைப்பிரிவும் பட்டா மாற்றமும் பணமாகப் பேசும் நகர்ப்புற விளிம்பில், தலைமைச் செயலகத்தில் இருப்பவரின் நிலத்தைவிட உள்ளூர் அலுவலரின் நிலமே முடிவுகளுக்கு நெருக்கமானது என்று கருதுகிறேன்.

உச்ச நீதிமன்றம் 2012இல் கிரீஷ் ராமச்சந்திர தேஷ்பாண்டே வழக்கில் இந்த மூடலுக்குச் சட்ட வடிவம் தந்தது. ஊழியரின் பணிப் பதிவும் சொத்து விவரமும் முதன்மையாக ஊழியருக்கும் அவரை அமர்த்தியவருக்கும் இடையிலான விஷயம். பெரும் பொதுநலன் காட்டப்பட்டாலொழிய அது தனிப்பட்ட தகவல் என்றது தீர்ப்பு. வேட்பாளர்களின் சொத்தை வாக்காளர் அறிய வேண்டும் என்று 2002இலும் 2003இலும் அதே நீதிமன்றம் கூறியதை இதனுடன் சேர்த்துப் படித்தால் அடிப்படை விளங்கும். பிரதிநிதி மக்களுக்குப் பொறுப்பானவர்; ஊழியர் அரசுக்குப் பொறுப்பானவர்; அரசைக் கண்காணிக்கப் பிரதிநிதிகள் இருக்கிறார்கள். மன்றம் இருக்கும் இடத்தில் இந்தப் பகுப்பை ஏற்கலாம். மன்றத்தின் அதிகாரமே ஊழியரிடம் வந்துவிட்ட கொம்யூனில் அவர் ஊழியராக மட்டும் இல்லை. பிரதிநிதிக்குரிய அதிகாரத்தைச் செலுத்துபவர் பிரதிநிதிக்குரிய வெளிப்படைத்தன்மையையும் ஏற்றாக வேண்டும். தேஷ்பாண்டே தீர்ப்பு கேட்கும் ‘பெரும் பொதுநலன்’ இந்த நிலைமைக்குள்ளேயே இருக்கிறது.

நாடாளுமன்றம் ஒருமுறை சரியான திசையில்தான் நடந்தது. லோக்பால், லோக்ஆயுக்தா சட்டம் 2013இன் 44ஆவது பிரிவு, எல்லாப் பொது ஊழியரும் மனைவி அல்லது கணவர், சார்ந்துவாழும் பிள்ளைகள் ஆகியோரின் சொத்தையும் சேர்த்து அறிவிக்க வேண்டும் என்றது. அவை இணையதளத்தில் வெளியாக வேண்டும் என்றும் சொன்னது. 2016 திருத்தம் அதைக் கழற்றிவிட்டு, ‘விதிக்கப்படும் படிவத்தில், விதிக்கப்படும் முறையில்’ என்ற வாசகத்தை வைத்தது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஒ) பிரிவையே சுருக்கி, அப்பிரிவுக்குள் இருந்த பொதுநல விலக்கை எடுத்துவிட்டது. 8(2) பிரிவு இன்னும் எஞ்சியிருக்கிறது. பொதுநலன் மேலோங்கினால் தகவலைத் தரலாம் என்பது அது. கதவு குறுகியிருக்கிறது, பூட்டப்படவில்லை.

எதிர்வாதங்களில் வலுவானது ஒன்றுதான்: நேர்மையற்றவர் உறவினர் பெயரில் வாங்குவார், நேர்மையானவர் மட்டும் அம்பலப்படுவார் என்பது. இதற்கு விடை பழைய விதி ஒன்றிலேயே இருக்கிறது. சோழர் கால ஊர்ச்சபைக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை மேடைதோறும் புகழ்கிறோம். முதலாம் பராந்தகன் காலத்து (919, 921) அந்த விதிகளில் குடவோலையைவிட முக்கியமானது வேறொன்று. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்லாமல், அவருடைய நெருங்கிய உறவினரும் பொறுப்புக்கு வரத் தகுதியற்றவர் என்று உறவுமுறைகளைச் சொல்லி விலக்குகிறது அது. உறவினர் வழியாக ஆதாயம் ஒளியும் என்பதை அந்தச் சபை அறிந்திருந்தது. அறிந்ததால் விதியை விரித்தது, கைவிடவில்லை. மேலும், வெளியிடப்பட்ட பட்டியலில் இல்லாத நிலத்தை ஊரார் அடையாளம் காட்ட முடியும். கோப்புக்குள் இருக்கும் பட்டியலை யாரும் சரிபார்க்க முடியாது.

தனியுரிமைக் கவலை நியாயமானது. அதற்கு வழியும் உண்டு. இலங்கையின் 1975ஆம் ஆண்டுச் சொத்து அறிவிப்புச் சட்டம், கட்டணம் செலுத்திப் பிரதி பெற அனுமதித்துவிட்டு, பெற்றதைப் பிறருக்குச் சொல்வதைத் தடைசெய்தது. அந்த முரண்பாட்டை 2023ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டம் நீக்கியது: உணர்திறன் மிக்க விவரங்களை மறைத்து மீதியை இணையத்தில் வெளியிடுவது இன்றைய முறை. பீகார் அரசும் தன் அதிகாரிகள், ஊழியர்களின் சொத்து விவரங்களை ஆண்டுதோறும் இணையத்தில் வெளியிட்டு வருகிறது. சம்பளத்தை ஏற்கெனவே வெளியிடச் சொல்கிறது தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு. சம்பளம் தெரிந்து சொத்து தெரியாதபோது அந்த வெளியீட்டால் என்ன பயன்?

ஆகவே புதுச்சேரி அரசிடம் கேட்க வேண்டியது பெரிய சட்டம் அன்று. மன்றமில்லாத கொம்யூனில் மன்ற அதிகாரத்தைச் செலுத்தும் ஒவ்வோர் அலுவலரின் அசையாச் சொத்துப் பட்டியலையும், கதவிலக்கமும் கணக்கெண்ணும் நீக்கி, ஆண்டுதோறும் பிப்ரவரியில் கொம்யூன் அறிவிப்புப் பலகையிலும் இணையதளத்திலும் வெளியிட வேண்டும். ஆண்டுப் பட்டியல் கடமையே இல்லாத ‘சி’ பிரிவில், நிலப் பதிவும் வரி நிர்ணயமும் கையாள்வோர் தாம் பணிபுரியும் கொம்யூனுக்குள் உள்ள சொத்தை மட்டுமாவது அறிவிக்க வேண்டும். அரசு தானாக வெளியிடுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தின் 8(2) பிரிவு அதற்குத் துணையாகவே நிற்கிறது. தேர்தல் நடந்து மன்றங்கள் கூடும்வரை இது காத்திருக்கக் கூடாது. தேர்தல் நடக்காததுதான் இதை அவசரமாக்குகிறது.