ஓட்டுநர் இல்லாத கார்: நூறாண்டுக் கனவு

உடையார்பாளையத்திலிருந்து ஜெயங்கொண்டம் செல்லும் சாலையில் ஒரு மாலைப்பொழுது நின்று பாருங்கள். சுண்ணாம்புக்கல் லாரி, கரும்பு ஏற்றிய டிராக்டர், ஆட்டு மந்தை, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடப்பவர் என எல்லாவற்றையும் ஒருசேரக் காணலாம். "கார் தானே ஓடத் தொடங்கிவிட்டால் விபத்தே இருக்காதல்லவா, சார்?" என்று வகுப்பில் ஒரு மாணவர் கேட்டார். இந்த ஆவலுக்கு நூறு வயது ஆகிறது. அதன் வரலாற்றைச் சற்றுக் காண்போம்.

1925-இல் நியூயார்க் தெருக்களில் ஆளில்லாத கார் ஒன்று ஓடியது. மக்கள் வியந்து நின்றனர். உண்மையில் அது தானாக ஓடவில்லை. பின்னால் வந்த மற்றொரு காரிலிருந்து வானொலி அலைகள் மூலம் அதை இயக்கினர். கடைசியில் அது வேறொரு காரில் போய் மோதியது.

1939-இல் அதே நகரில் நடந்த உலகக் கண்காட்சியில், 1960-ஆம் ஆண்டின் சாலைகள் எப்படியிருக்கும் என்று ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் பெரிய மாதிரி அமைத்துக் காட்டியது. அங்கே கார்கள் தாமாகவே இடைவெளி விட்டு விரையும் என்றனர். அதைக் காண மக்கள் நீண்ட வரிசையில் காத்திருந்தனர். 1960 வந்தது, ஓட்டுநரின் வேலை அப்படியேதான் இருந்தது.

காருக்குக் 'கண்' கிடைத்தது பிறகுதான். 1987-இல் ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் டிக்மன்ஸ், காமிராவும் கணிப்பொறியும் பொருத்திய வேனை மணிக்குச் சுமார் 96 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக் காட்டினார். ஆனால் அது போக்குவரத்துக்குத் திறக்கப்படாத சாலை. 2004-இல் அமெரிக்கப் பாலைவனத்தில் நடந்த பந்தயத்தில் ஒரு வண்டியும் இலக்கை அடையவில்லை. மறு ஆண்டில் ஐந்து வண்டிகள் அடைந்தன. அங்கும் குறுக்கே நடந்து வர ஆளில்லை.

ஆட்கள் நடமாடும் சாலையில் நடந்தது என்ன? 2018 மார்ச் 18 இரவு, அரிசோனா மாநிலத்தின் டெம்பி நகரில், ஊபர் நிறுவனத்தின் சோதனைக் கார் ஒன்று மோதி ஒரு பெண் இறந்தார். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்தவர். மோதுவதற்கு 5.6 விநாடிக்கு முன்பே கருவி அவரை உணர்ந்துவிட்டது. ஆனால் அவரை வாகனம், இன்னதென்று தெரியாத பொருள், சைக்கிள் என மாற்றி மாற்றிக் கணித்தது. குறிக்கப்பட்ட இடத்தில் அல்லாமல் வேறிடத்திலும் மனிதர் சாலையைக் கடப்பார் என்பது அதற்குக் கற்பிக்கப்படவில்லை. கண்காணிக்க அமர்ந்திருந்தவரும் சாலையைக் கவனிக்கவில்லை.

இங்கே ஒரு சிறு கணக்குப் போடுவோம். காரின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 19.4 மீட்டர். 5.6 விநாடியில் அது கடக்கும் தொலைவு நூறு மீட்டருக்கும் அதிகம். உலர்ந்த சாலையில் முழு பிரேக் போட்டால் சுமார் 30 மீட்டரில் நின்றுவிடலாம். எனவே தொலைவு போதுமானதாகவே இருந்தது. எதிரில் இருப்பது யார் என்ற அறிவுதான் போதவில்லை.

இந்தியாவில் 2022-இல் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பாதசாரி. ஐதராபாத் பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்பக் கழகத்தார் 2018-இல் நம் நாட்டுச் சாலைகளின் 10,000 படங்களை, ஆட்டோ, விலங்கு என வகை பிரித்து வெளியிட்டனர். இயந்திரத்துக்கு நம் சாலையைக் கற்பிக்கும் முயற்சி இது.

இயந்திரம் தூங்காது, குடிக்காது. அந்த நன்மை உண்மையானதே. ஆகவே மாணவருக்கு நான் சொன்ன விடை இதுதான்: விபத்து குறையலாம். ஆனால் வெறிச்சோடிய சாலையில் கார் ஓடிக் காட்டியதை மட்டும் வைத்து அதை நம்பிவிடக் கூடாது. நம்மூர்ச் சாலையில், இருட்டில், சைக்கிளைத் தள்ளி வருபவரை அது கண்டு நிற்க வேண்டும். அதுவரை சைக்கிளின் பின்புறம் சிவப்புப் பிரதிபலிப்பானை மாட்டிக்கொள்வோம்.