கருக்காக்குறிச்சியில் ஒரு வைன் கணக்கு

நாசிக்கில் திராட்சைத் தோட்டத்துக்குப் போய், ஐந்தாறு கிளாஸில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி ருசி பார்த்துவிட்டு வந்த நண்பர்கள் ஒரு வாரம் அதே பேச்சாக இருந்தார்கள். "நம்ம புதுக்கோட்டையில என்னடா இருக்கு, பொட்டக்காடு" என்றான் ஒருவன். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காரை எடுங்கள், ஈராயிரம் வருஷத்துப் பழைய வைன் கணக்கு ஒன்று காட்டுகிறேன் என்று கிளப்பிவிட்டேன்.

ஆலங்குடி தாண்டி வடகாடு பக்கம் இருக்கிறது கருக்காக்குறிச்சி. பலா, வாழை, பூ என்று போர்த் தண்ணீரில் பச்சையாகக் கிடக்கும் பூமி. கொடி முந்திரி மட்டும் கிடையாது. 1898-இல் இந்த ஊர் மண்ணில் ஒரு புதையல் அகப்பட்டது. அதில் 501 ரோமானியப் பொற்காசுகள். பெரும்பாலும் ரோமப் பேரரசர்கள் திபேரியஸ், கிளாடியஸ், நீரோ காலத்தவை. கடைசியானவை வெஸ்பாசியன் காசுகள். லண்டனில் நாணய ஆய்வாளர் ஜி.எஃப். ஹில் அவற்றைப் பற்றி உடனே ஆய்வுக் கட்டுரை எழுதினார். ஒரு பகுதி பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

நான் வங்கிக்கு நகை மதிப்பிடுகிறவன். என் புத்தி முதலில் எடைக்குத்தான் போகும். ஔரியஸ் என்ற அந்தக் காசு ஒன்று சுமார் ஏழரை கிராம் இருக்கும். தேய்மானம் கழித்தாலும் மொத்தம் 450 பவுனுக்கு மேல் நிற்கும். வண்டியில் இதைச் சொன்னதும் பின்சீட்டில் பேச்சு நின்றுவிட்டது.

இதில் வைன் எங்கே வந்தது? சங்க காலத்தில் மேற்கிலிருந்து நம் கரைக்கு வந்த சரக்கில் வைனும் ஒன்று. யவனர் கொண்டுவந்த குளிர்ந்த, மணமுள்ள மதுவைப் பொற்கிண்ணத்தில் பெண்கள் ஏந்தித் தர, குடித்து மகிழ்ந்திரு என்று பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துவது புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் இருக்கிறது. பாட்டை நம்பாதவர்களுக்கு ஓடு இருக்கிறது. 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டிய அரிக்கமேட்டிலும், தமிழக தொல்லியல் துறை 1980-களிலிருந்து தோண்டிய அழகன்குளத்திலும் ஆம்போரா ஜாடித் துண்டுகள் கிடைத்தன. இரண்டு காது, கூம்பின அடி. உள்ளே ஒழுகாமல் இருக்கப் பிசின் பூச்சு. ஒரு ஜாடிக்கு சுமார் 25 லிட்டர் பிடிக்கும். கிரேக்கத்துக் கோஸ் தீவு பாணி ஜாடிகளும் அதில் உண்டு. அந்தத் தீவில் வைனோடு கடல்நீரைக் கலப்பார்களாம். நாசிக்கில் முகம் சுளிக்காமல் குடித்த நண்பன் இதற்குச் சுளித்தான்.

அப்படியானால் காசு எதற்கு? பெரிப்ளூஸ் என்ற பழைய கிரேக்கக் கடல்வழிக் குறிப்பை எழுதியவர், மேற்குக் கரை முசிறிப் பக்கத்துத் துறைகளுக்கு வைன் கொஞ்சம்தான் போகும் என்கிறார். மிளகுக்கும் முத்துக்கும் துணிக்கும் ஈடாக எத்தனை ஜாடி இறக்க முடியும்? குடிப்பவர்கள் அரசரும் அவரைச் சுற்றியவர்களும்தான். மற்றவர்களுக்குப் பனங்கள் இருந்தது, தேன் ஊறிய தேறல் இருந்தது. மிச்சத்தைத் தங்கமாகக் கட்ட வேண்டியதாயிற்று. வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் காசு இந்தியாவுக்குப் போகிறதென்று ரோமானிய எழுத்தாளர் பிளினி புலம்பினார். ஒரு ஔரியஸுக்கு 100 செஸ்டர்ஸ். ஆக வருஷத்துக்கு 5 லட்சம் பொற்காசு. கருக்காக்குறிச்சிப் புதையல் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு!

இன்னொரு கணக்கும் போட்டுக் காட்டினேன். ரோமானியரின் பாம்பேய் நகரத்து மதுக்கடைச் சுவரில் விலை எழுதியிருந்தது: சாதா வைனுக்கு ஆஸ் என்ற சில்லறைக் காசு ஒன்று, உயர்ந்த ஃபலேர்னியனுக்கு நாலு. ஔரியஸுக்கு 400 ஆஸ். நம் புதையல் காசைக் கொண்டுபோய்க் கொட்டினால் 50,100 கோப்பை ஃபலேர்னியன் கிடைத்திருக்கும். வெஸ்பாசியன் செத்தது கி.பி. 79. பாம்பேய் எரிமலைச் சாம்பலில் புதைந்ததும், புலம்பிய பிளினி அந்த எரிமலையருகே மாண்டதும் அதே 79.

கருக்காக்குறிச்சிக் காசுகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் அரசன் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டியிருக்கிறது. உள்ளே செம்பு உண்டா என்று சோதித்த வெட்டு என்று சிலர் சொல்கிறார்கள். என் தொழிலில் எவனும் அப்படிச் செய்யமாட்டான். உரைகல்லில் ஒரு இழுப்பு போதும். சந்தேகம் தீராவிட்டால் விளிம்பில் ஒரு கொத்து. முகத்தைத் தேடிப் போய் வெட்டுவது சோதனைக்காக அல்ல. இது இனிக் காசு அல்ல, வெறும் பொன் என்று அறிவிக்கத்தான். தோண்டியெடுத்த தகவல்கள் வேறு இல்லாதவரை என் தீர்ப்பு இதுதான்.

பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே அழகன்குளம் நோக்கிப் போனோம். மணமேல்குடியைத் தாண்டி ஒரு பனையடியில் வண்டியை நிறுத்திப் பதநீர் குடித்தோம். ஓலைப் பட்டையைக் குவித்துப் பிடிக்க, கலயத்திலிருந்து ஊற்றினார் பெரியவர். சுண்ணாம்பின் லேசான கார்ப்பு, அப்புறம் இனிப்பு, தொண்டையில் பச்சை ஓலை வாசம். "கள்ளு இல்லையா அய்யா?" என்று நண்பன் கேட்டான். "அதுக்கு வேற ஆளப் பாரு தம்பி" என்றார் அவர். தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை 1987-லிருந்து இருக்கிறது. நாசிக் வைன் பாட்டில் அரசாங்க அனுமதியோடு ஊர் ஊராகப் போகிறது. மணமேல்குடிப் பனையின் சரக்கு மட்டும் குற்றமாம். எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

கருக்காக்குறிச்சிக்குப் போகிற வழியில் இந்தப் புதையலைச் சொல்லும் பலகை எதுவும் என் கண்ணில் படவில்லை. பஞ்சாயத்தார் ஒன்று வைத்தால் வருகிறவனுக்கு உதவும். நீங்கள் புறப்படுவதானால் புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் 1910-இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டுப் போங்கள். வெள்ளிக்கிழமை போய் நிற்காதீர்கள், அன்று விடுமுறை.