எலிசபெத் காட்லெட்: தாய்மையை உரிமையாகச் செதுக்கியவர்

எலிசபெத் காட்லெட் (1915–2012) அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் பிறந்து, மெக்சிகோவில் வாழ்ந்து மறைந்த கறுப்பினச் சிற்பி, அச்சு ஓவியர். கல்லிலும் மரத்திலும் சுடுமண்ணிலும் தாயையும் சேயையும் வாழ்நாள் முழுவதும் படைத்தவர். அந்தத் தாய்மார்களைப் பாச உணர்வின் சின்னங்களாக மட்டும் காண்பது போதாது. சட்டம் பறித்த ஓர் உரிமையை அவர்கள் மீட்டுக் கோருகிறார்கள்.

சட்டம் செய்தது என்ன?

1662-இல் வர்ஜீனியா குடியேற்றத்தின் சட்டமன்றம், குழந்தை அடிமையா சுதந்திரமானவரா என்பதைத் தாயின் நிலையே தீர்மானிக்கும் என்று சட்டமியற்றியது. ஆங்கிலேயப் பொதுச்சட்ட மரபிலோ குழந்தை தந்தையின் நிலையையே பெற்றுவந்தது. இந்தத் தலைகீழ் மாற்றத்தின் பயன் ஆண்டைகளுக்கே சென்றது. அடிமைப் பெண்ணை வல்லுறவுக்குள்ளாக்கிய ஆண்டை, பிறந்த குழந்தையைத் தன் சொத்துக் கணக்கில் சேர்த்துக்கொள்ள முடிந்தது. தாயின் வழியாக அடிமைத்தனம் மட்டுமே இறங்கியது. குழந்தையின்மீது தாய்க்கு எந்த உரிமையும் இல்லை. அது விற்கப்பட்டால் அவளால் தடுக்க இயலாது.

1865-இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. ஆயினும், வெள்ளையரின் குழந்தையை வளர்க்கும் விசுவாசமான கறுப்பினப் பணிப்பெண் என்னும் பிம்பம் ஒழியவில்லை. அப்பெண்ணுக்கு வாஷிங்டனில் நினைவுச்சின்னம் எழுப்பும் முன்மொழிவை அமெரிக்க செனட் 1923-இல் ஏற்றது. கறுப்பினப் பெண்கள் கடுமையாக எதிர்த்தனர், சின்னம் எழுப்பப்படவில்லை.

வாழ்வும் படைப்பும்

காட்லெட்டின் பாட்டன் பாட்டியர் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். கார்னகி தொழில்நுட்பக் கழகம் நிறத்தின் காரணமாக இவருக்கு இடமளிக்க மறுத்தது. ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் 1935-இல் பட்டம் பெற்றபின் அயோவா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே வகுப்பறை திறந்திருந்தது. மாணவர் விடுதி திறக்கவில்லை. தமக்கு நன்கு தெரிந்ததைப் படைக்குமாறு ஆசிரியர் கிரான்ட் வுட் கூற, சுண்ணாம்புக்கல்லில் கறுப்பினத் தாயையும் சேயையும் செதுக்கினார். அத்தாயின் கையில் இருந்தது அவளுடைய சொந்தக் குழந்தை. அடிமைமுறை ஒழிப்பின் 75-ஆம் ஆண்டையொட்டிச் சிகாகோவில் 1940-இல் நடந்த பொருட்காட்சியில் அது சிற்பத்துக்கான முதற்பரிசு பெற்றது.

1946-இல் உதவித்தொகை பெற்று மெக்சிகோ சென்று, மக்கள் வரைகலைப் பட்டறையில் இணைந்தார். அங்கு உருவானதே 'நீக்ரோ பெண்' என்னும் 15 லினோலிய அச்சுகளின் தொடர். பின்னாளில் 'கறுப்பினப் பெண்' எனப் பெயர் மாற்றப்பட்டது. வயலிலும் வீடுகளிலும் உழைக்கும் பெண்களோடு, ஹாரியட் டப்மன் போன்ற போராளிகளும் அதில் இடம்பெற்றனர். படங்களின் தலைப்புகள் தன்மையில் பேசுகின்றன. கழுத்தில் கயிற்றுடன் ஒருவர் கிடக்கும் கும்பல் படுகொலைக் காட்சிக்கு, தன் அன்புக்குரியோரை எண்ணி அஞ்சும் ஒரு பெண்ணின் குரலே தலைப்பு. 1970-இல் வந்த 'தாய்மாரின் சித்திரவதை' அந்த அச்சத்தையே மீண்டும் பேசியது: ஒரு தாயின் முகம், அவள் நினைவில், இரத்தத்தில் கிடக்கும் சிறுவன்.

மெக்சிகோ ஓவியர் பிரான்சிஸ்கோ மோராவை மணந்து மூன்று மகன்களை வளர்த்தார். 1962-இல் மெக்சிகோ குடியுரிமை பெற்றதும், அமெரிக்க அரசு அவரை விரும்பத்தகாத அயலார் என முத்திரை குத்தி நுழைவு மறுத்தது. 1971-இல் ஹார்லம் கண்காட்சிக்காகவே மீண்டும் செல்ல முடிந்தது.

நமக்கான கேள்வி

பிறப்பைக் கொண்டு மனிதரின் நிலையைக் குறிக்கும் இடங்களிலெல்லாம் தாய்மை சட்டப் பிரச்சினையாகிறது. இந்தியாவில் கலப்பு மணத்தில் பிறந்தவர் தந்தையின் சாதியினர் என்றே அனுமானிக்கப்பட்டு வந்தது. ஓர் ஆதிவாசித் தாயின் மகன் தொடுத்த வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம், அவ்வனுமானம் முடிவானதன்று என்றது. தாயின் சமூகத்தில் வளர்ந்து அதன் இழிவுகளையும் இழப்புகளையும் தானும் அனுபவித்ததை மெய்ப்பிக்க மகனுக்கு உரிமை உண்டு. ஆனால் மெய்ப்பிக்கும் சுமை இன்றும் அந்தப் பிள்ளையின் தோளில்தான் இருக்கிறது. வளர்த்த தாயின் வாழ்வு தன்னளவிலேயே சான்றாக ஏற்கப்படும் நாள் இன்னும் வரவில்லை.